எந்தப் பதிப்பு?

ஆய்வு உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் சார் கொடுத்த வேலை சின்னதுதான். இயந்திரம் வந்தால் தொழிலாளி கதி என்ன என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ எழுதியதைத் தேடி, ஆண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். பழைய பொருளியல் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றியிருந்த ஒரு தளத்தில் அரை மணி நேரத்தில் சிக்கிவிட்டது. அவருடைய 'அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள்' நூலின் 31ஆம் அத்தியாயம். மனித உழைப்புக்குப் பதிலாக இயந்திரத்தை வைப்பது தொழிலாளர்களுக்குப் பல நேரம் பெருங்கேடு என்கிறார். பக்கத்தின் தலையில் 1817 என்றிருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"எந்தப் பதிப்புப்பா?" என்றார் சார்.

"எல்லாம் ஒண்ணுதானே சார்..."

"முதல் பதிப்ப ஒரு தடவ புரட்டிட்டு வா."

பழைய நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் 1817 நூலின் ஸ்கேன் இருந்தது. பொருளடக்கத்தை இரண்டு முறை பார்த்தேன். அந்த அத்தியாயமே இல்லை! 1821இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்திருக்கிறார். இயந்திரத்தால் எல்லோருக்கும் நன்மையே என்ற பக்கம் நின்றவர், அது பிழை என்று தாமே ஒப்புக்கொண்ட இடம் அது. அவருடைய நண்பரும் பொருளியலாளருமான மெக்கல்லக்குக்கு இதில் கடும் வருத்தம். ரிக்கார்டோ 1823இல் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் துணிந்து மனம் மாறிய மனிதரை, நான் ஒரே வரியில் முதலிலிருந்தே அப்படி நினைத்தவராக்கியிருந்தேன்.

தேடல் பெட்டியையும் அதற்குப் பிறகு முழுதாக நம்புவதில்லை. பொருளியலாளர் ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலின் 1776 பதிப்பு ஸ்கேனில் 'இன்விசிபிள்' (கண்ணுக்குத் தெரியாத) என்று தேடினால் சில சமயம் எதுவும் வராது. அந்தக் கால அச்சில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' நீண்டு 'எஃப்' போல இருக்கும். மென்பொருள் 'இன்விஃபிபிள்' என்று வாசித்து வைத்திருக்கும். 'எஃப்' போட்டுத் தேடினால் நான்காம் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் போய் நிற்கலாம். தன் லாபத்தைத் தேடுபவனையும் பொது நன்மைக்கு இட்டுச் செல்வதாக உலகமே பேசும் அந்தக் 'கண்ணுக்குத் தெரியாத கை' அவ்வளவு பெரிய நூலில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது.

தளங்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவை இல்லாவிட்டால் 1817 பதிப்பை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? இதில் கூத்து என்னவென்றால், பதிப்புக்குப் பதிப்பு ரிக்கார்டோ மாற்றியதை எல்லாம், அவர் நூல்களைத் தொகுத்த பொருளியலாளர் சிராஃபா 1951லேயே குறித்து அச்சிட்டுவிட்டார். அந்தத் தொகுதி எங்கள் நூலகத்திலேயே, நான் உட்கார்ந்து தேடிய கணினிக்குப் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது.