ஐந்தாவதாக நான் போட்ட கல்லூரி

தம்பிக்கு பொறியியல் படிப்புக்கான கட் ஆஃப் 181 வந்தது. கணக்கு மார்க்கை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்கிக் கூட்டினால் வருகிற எண் அது, மொத்தம் 200க்கு. ரொம்பப் பெரிய மார்க்கும் இல்லை, ஒதுக்கித் தள்ளும் மார்க்கும் இல்லை. இந்த நடுவாந்தர மார்க்கில்தான் குழப்பம் அதிகம். 198 எடுத்தவனுக்கு நாலைந்து கல்லூரிகளுக்குள் யோசனை முடிந்துவிடும். 181க்கு முன்னால் நூறு கல்லூரி கடை விரித்து நிற்கும்.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறி வேலை. வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். பி.எஸ்சி., அதுவும் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், தம்பிக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்த அன்றுதான் அதன் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகை, உடன்பிறந்தவர் ஒருவர் ஏற்கெனவே பட்டதாரியாக இருந்தால் கிடையாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை, ஏனென்றால் அவன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. கிடைக்கும் என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்த இரண்டு சலுகையும் ஒரே சாயங்காலத்தில் போயின.

பொறியியல் இடங்களை ரேங்க் வரிசையில் ஒதுக்கும் அரசு கவுன்சலிங் தொடங்கும் முன்பே சித்தப்பா ஒரு யோசனையோடு வந்தார். நுழைவுத் தேர்வு எழுதியிருந்த ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிட்டது, உடனே முன்பணம் கட்டினால் இடம் உறுதி. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல், ஹாஸ்டல் தனி. "பேங்க்ல லோன் இருக்குண்ணே, பையன் வேலைக்குப் போய் கட்டிருவான்" என்றார். ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். நாலு வருஷத்துக்குக் கூட்டினால் அந்த ஏழரை லட்சமும் காணாது என்பதை அவர் கூட்டிப் பார்க்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்தார். எங்கள் வீட்டில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். ஆனால் அதற்கப்புறம் பத்து நாள் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து தினமும் போன் வந்துகொண்டே இருந்தது. "கடைசி மூணு சீட்டுதான் சார் இருக்கு." பத்தாவது நாளும் அதே மூணு.

நான் ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு கல்லூரிக்கும் நாலு வருஷச் செலவை எழுதினேன். கவுன்சலிங் வழியாகப் போனால் சுயநிதிக் கல்லூரியில் டியூஷன் கட்டணம் அரசு நிர்ணயித்தது: அப்போது வருஷத்துக்கு 50,000, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. என்கிற தர அங்கீகாரம் இருந்தால் 55,000. இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்தோம். பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், சீருடை, 'வேலைவாய்ப்புப் பயிற்சி' என்று ஒன்று, 'இதர' என்று இன்னொன்று. ஒரு கல்லூரிக்குப் போன் செய்து அந்த 'இதர' எவ்வளவு என்று கேட்டேன். "நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்" என்றார்கள். ரூபாயைப் போனில் சொல்லாத கல்லூரிகளை நோட்டில் சிவப்பு மையால் சுழித்தேன். அரசுக் கல்லூரி என்றால் டியூஷன் சில ஆயிரம்தான், செலவெல்லாம் ஹாஸ்டலும் மெஸ்ஸும்.

படிப்பு எப்படி என்று பார்க்க அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சிப் பட்டியல் உதவும். விளம்பரத்தில் வானளாவிய ஒரு கல்லூரி அந்தப் பட்டியலில் தரை தட்டிக் கிடந்தது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன, அந்தப் பட்டியலில் இருக்காது. அங்கே நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போனோம். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சுயநிதிக் கல்லூரி. வாசலில் வேலை கிடைத்தவர்களின் படத்தோடு பெரிய ஃப்ளெக்ஸ். நான் சம்பளத் தொகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி மெதுவாக, "அக்கா, மூணாவது வரிசைக் கண்ணாடிக்காரரைப் பாரு, உள்ள போன வருஷ ஃப்ளெக்ஸ்லயும் இருக்காரு" என்றான். இருந்தார், அதே கோட்டு, அதே சிரிப்பு. மின்னியல் ஆய்வகத்தைக் காட்டச் சொன்னோம். சாவி வைத்திருப்பவர் லீவு.

அப்புறம் காரைக்குடிக்கு பஸ் ஏறினோம். அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, 1952இல் தொடங்கியது. பெரிய வளாகம், மரங்கள், பழைய கட்டடங்கள். ஃப்ளெக்ஸைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. ஓர் ஆய்வகக் கதவு மூடாதபடி அடியில் கல் வைத்திருந்தது. உள்ளே மூன்று பையன்கள் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதைச் சுற்றிக் குத்தவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆசிரியர் யாரும் இல்லை. தம்பி வாசலிலேயே நின்றான். அவன் ஒவ்வொரு லீவிலும் எங்கள் தெரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயில் கட்டியவன். இரண்டே நிமிஷத்தில் நாலாவது ஆளாகக் குத்தவைத்துவிட்டான். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதே ஊரில்தான் இருக்கிறது, பேட்டரி பற்றியெல்லாம் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது என்று அந்தப் பையன்கள் சொன்னதைத் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

எனக்கு ஆசை கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். என் கூடப் படித்தவர்களில் யார் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்து வந்த ஆசை. அவனுக்கு டிரிபிள் ஈ, அதாவது மின்னியல், மின்னணுவியல் பாடம். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று நாள் சோறு சத்தமில்லாமல் இறங்கியது.

எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசைப்படுத்தி விருப்பப் பட்டியல் பதிகிற நாள் வந்தது. இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும், நானே தப்பாக நினைத்திருந்த விஷயம். 'பெரிய கல்லூரியை மேலே போட்டால், அது கிடைக்காமல் கீழே இருப்பதும் கை நழுவிவிடும்' என்று பலர் சொன்னார்கள். அப்படி இல்லை. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்த்து, இடம் காலியாக இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறார்கள். நம் முறை வரும்போது முதல் ஐந்தும் நிரம்பியிருந்தால் ஆறாவது, அவ்வளவுதான். கிடைக்காததை மேலே போட்டதற்குத் தண்டனை கிடையாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: வேண்டாததை மேலே போடுவதில்.

மொத்தம் 64 விருப்பம் பதிந்தோம். கல்லூரி எண்ணைப் பார்த்துப் பதிய வேண்டும், பெயரைப் பார்த்து அல்ல. பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறுகிற கல்லூரிகள் இருக்கின்றன, ஒன்றுக்கு நான் வேறு எண்ணைப் போட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தேன். முதலில் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி, பிறகு கோவை பி.எஸ்.ஜி., கோவை அரசுக் கல்லூரி, மதுரை தியாகராசர், நாலிலும் டிரிபிள் ஈ. கிண்டி பகல் கனவு என்று தெரியும். மதுரை அவனுடைய நிஜமான ஆசை. ஐம்பது கிலோமீட்டர்தான், வாரம் தவறாமல் வீட்டுக்கு வரலாம். அடுத்து காரைக்குடி என்றான். நான் அதை ஆறாவதாகத் தள்ளி, ஐந்தாவது இடத்தில் சென்னையில் ஒரு சுயநிதிக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைச் செருகினேன். "சும்மா கிடக்கட்டும்டா." அவன் தோளைக் குலுக்கினான். லாக் செய்தோம். அதற்கப்புறம் வரிசையைத் தொட முடியாது.

தற்காலிக ஒதுக்கீட்டில் ஆறாவது வந்தது, காரைக்குடி டிரிபிள் ஈ. உறுதி செய்ய இரண்டு நாள். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம். அல்லது அதை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளவற்றுக்குக் காத்திருக்கலாம். யாராவது சேராமல் விட்டு மேலே ஓரிடம் காலியானால் நம்மை அங்கே நகர்த்துவார்கள், கையில் இருப்பது போய்விடும். நான் இரண்டாவதை அழுத்தப் போனேன். மதுரை கிடைக்கலாமே.

"மேலே போனா அஞ்சாவதுலயும் மாட்டலாம்ல?" என்றான்.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். சென்னைக் கல்லூரி, சிவப்பு மையில் சுழித்த செலவு, அவன் கேட்காத பாடம். மதுரைக்குக் காத்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறோம். ஐந்தை மட்டும் கழற்றிவிட வழி இல்லை.

"அப்ப மதுரையும் போயிருமேடா."

"போகட்டும்க்கா. காரைக்குடி எனக்குப் பிடிச்சுதான் இருக்கு."

ஏற்றுச் சேர்கிறோம் என்பதை அவனே அழுத்தினான். மதுரையில் அந்த இடம் பிறகு காலியானதா என்று நான் பார்க்கவே இல்லை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இந்த ஐந்தாவது விஷயம் இன்றுவரை தெரியாது.

ஹாஸ்டலில் மெஸ் டிவைடிங் முறை. மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி ஆள் கணக்கில் வகுப்பார்கள், ஒவ்வொரு மாதமும் தொகை மாறும். நான் நோட்டில் எழுதி வைத்த தொகைக்குள் ஒரு மாதமும் அடங்கியதில்லை. போன வாரம் போன் செய்தான். "அக்கா, இந்த மாசம் நாலு தடவை சிக்கன் போட்டுட்டாங்க, பில்லு ஏறிருச்சு. ஒரு ஐந்நூறு அனுப்புக்கா. அப்பாட்ட சொல்லாத."