செங்கோட்டைக் கணவாயும் ஐந்து மதிப்பெண்ணும்

"ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதம்மா. கேட்டதை மட்டும் எழுது."

நான் சொன்னது இவ்வளவுதான். பிப்ரவரி மாதம், மாலை ஸ்பெஷல் கிளாஸ், மணி ஐந்தேகால் இருக்கும். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அது உறுத்தவில்லை. ஜூன் பிறந்து காற்று அடிக்க ஆரம்பித்த பிறகுதான் பலமாக உறுத்தியது. இரண்டு வருடமாகியும் விடவில்லை.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல், தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் பாடம். 'காரணம் கூறுக' பகுதியில் ஒரு கேள்வி: தமிழ்நாடு தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குறைவான மழையைப் பெறுகிறது. பாடம் நடத்திய எல்லோருக்கும் விடை தூக்கத்திலும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலை காற்றைத் தடுக்கிறது, தமிழ்நாடு மழை மறைவுப் பகுதியில் அமைந்திருக்கிறது. போர்டில் எழுதி, 'மழை மறைவுப் பகுதி' என்பதன் கீழ் கோடு போட்டு, வகுப்பை இரண்டு முறை சேர்ந்து சொல்ல வைத்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவள் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்து எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள்.

"சார், எங்க ஊர்ல ஜூன்ல பெய்யும்லா சார்."

வகுப்பே சிரித்தது. எங்கள் பள்ளி இருப்பது சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசல் காட்டில். ஜூன், ஜூலையில் எங்களுக்கு வருவது காற்று மட்டும்தான். கதவு அடித்துக்கொள்ளும், கண்ணில் மண் விழும், மேகம் தலைக்கு மேலே ஓடும், ஒரு சொட்டு விழாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஜூன் மழை என்பதே வேடிக்கைதான்.

"குத்தாலச் சாரலைச் சொல்றியா?" என்றேன்.

"ஆமா சார். போன வாரம் கணவாய் படிச்சோம்லா, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, அச்சன்கோவில்னு. அந்தச் செங்கோட்டைக் கணவாய் வழியாத்தான சார் கொல்லம் ரயில் போகுது? அது வழியாத்தான சாரலும் வருது? அப்ப எங்க ஊர எப்படி சார் மழை மறைவுன்னு எழுதுறது?"

அதற்குத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன். அவள் "சரி சார்" என்று உட்கார்ந்தாள். நோட்டில் மழை மறைவுப் பகுதி என்று எழுதி அடிக்கோடு போட்டாள். நான் பார்த்தேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. அந்த வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு பேரில் பதினோரு பேர், நாங்கள் 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு 100-க்கு 35 வாங்குவது மலை ஏறுவது மாதிரி. 14 ஒரு மார்க், 10 இரண்டு மார்க், 10 ஐந்து மார்க், 2 எட்டு மார்க் என்று தாளை அவர்களுக்குப் பிரித்துக் காட்டி, எங்கே கைவைத்தால் எவ்வளவு தேறும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் பிப்ரவரியில் என் வேலை. புவியியலில் அது நன்றாகவே நடக்கும். மேப்பில் புள்ளி வைத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் பெயரும் எழுது. ஆற்றைக் கடலில் கொண்டுபோய்ச் சேர், பாதியில் விடாதே. மலைத்தொடருக்கும் மண்ணுக்கும் ஒரே மாதிரிக் குறியீடு போடாதே, கீழே குறிப்புக் கட்டத்தில் எது எது என்று காட்டு. கூடுதல் தாளைக் கட்டும்போது மேப்பையும் சேர்த்துக் கட்ட மறக்காதே. 'வேறுபடுத்துக' வந்தால் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியானது என்றால், எதிர்ப்பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை தொடர்ச்சியற்றது என்று அதே அம்சத்தை எழுது. இந்தப் பக்கம் உயரம், அந்தப் பக்கம் ஆறு என்று எழுதினால் அது வேறுபாடே இல்லை. முதல் பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்கக் கொடுக்கிறார்கள், அதில் சாய்ஸை முடிவு செய்துவிடு, எழுத ஆரம்பித்த பிறகு மாற்றாதே.

இவை சின்ன விஷயங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மேப்பால் மட்டுமே பாஸ் ஆன பையன்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்து இன்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். 35 கிடைக்காமல் போயிருந்தால் அவன் அடுத்த மாதமே ஏதாவது ஒரு கடையில் நின்றிருப்பான். எனவே ஐந்தேகால் மணிக்கு, அந்தப் பதினோரு பேரும் ஒரு வரியை மனதில் பிடித்து வைத்திருக்கும்போது, அதை அசைக்கிற ஒரு கேள்வி வந்தால் ஓரமாக நகர்த்தி வைப்பது என் பொறுப்பு என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மீதிப் பாதிதான் தொல்லை. ஏனென்றால் அவள் குழப்பவில்லை. நாங்கள் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைத்த இரண்டு விடைகளை எடுத்து ஒன்றாகச் சேர்த்தாள். கணவாய்கள் ஒரு கேள்வி, மழை மறைவு இன்னொரு கேள்வி. இரண்டும் ஒரே மலையைப் பற்றியவை என்று வகுப்பில் கவனித்தது அவள் ஒருத்திதான். பல வருடமாக நடத்துகிற நானே அப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை.

சரி, அவள் சொன்னது புவியியலாகச் சரியா என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். பெரும்பாலும் சரி. மலை உயரமாக, இடைவெளி இல்லாமல் நிற்கும் இடத்தில் காற்று மேலே ஏறிக் குளிர்ந்து கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக இறங்குகிறது. மலை தாழ்ந்த இடத்தில் ஈரம் முழுவதும் தீர்வதற்குள் காற்று இந்தப் பக்கம் நுழைந்துவிடுகிறது. செங்கோட்டை, குற்றாலம், தென்காசிக்குச் சாரல் அப்படித்தான் கிடைக்கிறது. கிழக்கே வர வர ஈரம் தீர்ந்து, எங்கள் ஊருக்கு வெறும் காற்று வந்து சேர்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாரில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிறது. அதுவும் பெரும்பகுதி இதே தென்மேற்குப் பருவத்தில்தான்.

மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கேள்வியில் தப்பில்லை. நம் மழையில் ஏறக்குறைய 48 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. தென்மேற்கில் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு. 'குறைவான' என்றுதான் கேட்டிருக்கிறார்கள், மழையே இல்லை என்று கேட்கவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். 'மொத்தத் தமிழ்நாட்டையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு. உன் ஊர் அதில் விதிவிலக்கு. ஏன் விதிவிலக்கு என்று நீ சொன்ன காரணமும் சரி. முதலில் மழை மறைவை எழுது, கடைசி வரியில் உன் கணவாயை எழுது.' சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. பரீட்சைக்கும் அது நல்ல யோசனைதான், திருத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் விடைக்குறிப்பில், அதாவது கீயில், உள்ள சொல் விடையில் வந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்தை ஏன் தரவில்லை என்று கேட்டால், நேரமில்லை என்று சொல்லுவேன். ஆனால் வகுப்பு ஐந்தரை வரை இருந்தது.

அந்த ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனேன். எங்கள் மாவட்டத் தாள்கள் வேறெங்கோ போய்விடும், நமக்கு வருவது யாரோ முகம் தெரியாத பிள்ளைகளின் தாள்கள். ஒரு தாளில், மலையும் மழையும் பற்றிய வேறொரு கேள்விக்கு, ஒரு குழந்தை விடையைச் சொற்களில் எழுதாமல் சின்னதாக ஒரு படம் போட்டிருந்தது. ஒரு மலை, இடப்பக்கம் அம்புக்குறி, மேகம், மழைக் கோடுகள், வலப்பக்கம் ஒரு காய்ந்த மரம். அவ்வளவுதான், எழுத்தே இல்லை. கீயில் இருந்தது மூன்று சொற்றொடர். நான் கீயைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன். ஒரு சொற்றொடர்கூடத் தாளில் இல்லை. பாதி மார்க் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். ஒரு அமர்வுக்கு இத்தனை தாள் என்று கணக்கு இருக்கிறது, மேலே முதன்மைத் தேர்வாளர் பார்க்கிறார், கூட்டலில் ஒரு மார்க் விட்டால் விளக்கம் கேட்பார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தப் படத்தில் இருந்தது முழு விடை. மதியம் சாப்பிடும்போது பக்கத்து டேபிள் ஆசிரியரிடம் சொன்னேன். "பாதி போட்டீங்கல்ல, அதுவே பெருசு" என்றார். அவர் நல்ல ஆசிரியர். அவர் சொன்னதில் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் குழந்தைக்கும் யாரோ ஒரு ஆசிரியர் 'படம் வேண்டாம், எழுது' என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருக்கும். அப்படிப் பார்த்தால் நான் என் வகுப்பில் சொன்னதும் சரிதான் என்று அன்றைக்கு எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. அந்தச் சமாதானம் எனக்குப் பிடிக்கவில்லை. திருத்துகிற இடத்தில் நான் செய்வதைக் காட்டி, கற்பிக்கிற இடத்தில் நான் செய்ததை நியாயப்படுத்துகிறேன். இரண்டு இடத்திலும் இருப்பது நானேதான்.

மறு வருடம் மாற்றிப் பார்த்தேன். அந்தக் கேள்வி வந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையைப் போர்டில் நீளமாக வரைந்து, நான்கு இடத்தில் அழித்துக் கணவாய் வைத்து, எந்த ஓட்டை வழியாக என்ன வருகிறது என்று நடத்தினேன். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை. பிள்ளைகள் அவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. தாத்தா வீடு வள்ளியூர், அங்கே ஏன் காற்றாலை என்று ஒருவன் கேட்டான். எனக்கு நிறைவாக இருந்தது. அடுத்த வாரம் ரிவிஷன் டெஸ்டில் அதே கேள்வி வைத்தேன். பட்டியலில் உள்ள பிள்ளைகளில் நான்கு பேர், 'தமிழ்நாடு கணவாய்கள் வழியாக மழையைப் பெறுகிறது' என்று எழுதியிருந்தார்கள். மழை மறைவு என்ற சொல்லே இல்லை. அந்த நான்கு பேரும் முந்தைய டெஸ்டில் அதைச் சரியாக எழுதியவர்கள். அவர்களை மறுபடி உட்கார வைத்து, பழையபடி ஒரே வரியைச் சொல்லச் சொல்லி, அடிக்கோடு போட வைத்தேன்.

இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. நவம்பரில் கணவாயை நடத்தி, பிப்ரவரியில் ஒற்றை வரிக்கு வருவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது பிப்ரவரியில். பிள்ளைகளுக்குக் கேள்வி எந்த மாதம் வரும் என்று நம்மால் அட்டவணை போட முடியாது.

அவள் எழுதிய வருடம் பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. பரீட்சை முடிந்த மதியம் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடியது அதைத்தான். இல்லை என்றதும் ஒரு நிம்மதி வந்தது. எதற்கு நிம்மதி என்று இன்றுவரை பிடிபடவில்லை. அவள் நான் சொன்னதை எழுதி மார்க் வாங்கியிருந்தாலும், தான் பார்த்ததை எழுதி மார்க் இழந்திருந்தாலும், இரண்டில் ஒன்று எனக்குத் தெரிந்துபோயிருக்கும் என்பதாலோ என்னவோ. சமூக அறிவியலில் அறுபத்தெட்டு வாங்கினாள்.

சான்றிதழ் வாங்க அவளும் பாட்டியும் வந்தார்கள். ஜூன் கடைசி, வெளியே காற்று இரைந்துகொண்டிருந்தது. மறுபடி செங்கோட்டைக்கே போகிறோம், அங்கேயே பதினொன்றாம் வகுப்பு என்றார் பாட்டி. பதிவேட்டில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்குக் கேட்டியேம்மா, சாரல் பத்தி. அந்தக் கேள்வி வந்திருந்தா என்ன எழுதியிருப்ப?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். எந்தக் கேள்வி என்று ஞாபகப்படுத்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

"நீங்க சொன்னதத்தான் சார்" என்றாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டாள்.