சரள் மண்ணில் ஒரு புறவாசல்

ஜூன் 6

பாளையங்கோட்டைக்கு வெளியே எங்கள் பக்கம் முழுக்கச் சரள் மண். கடப்பாரை போட்டால் 'ணங்'கென்று சத்தம்தான் வரும். போர் தண்ணீரும் உப்பு. வாளியில் பிடித்து வைத்தால் ஓரத்தில் வெள்ளை படியும். புறவாசலில் மூன்று சென்ட் இடம் வெயில் காய்ந்து கிடக்கிறது. இந்த வருஷம் அதைத் தோட்டமாக்கிவிடுவது என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தார்சாவில் உட்கார்ந்து பேசினோம்.

பெரியவளுக்கு மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டும். சின்னவளுக்கு ஊஞ்சல். இவருக்குச் சாயங்காலம் நாற்காலி போட ஒரு நிழல். அத்தை கேட்டது கூட்டாஞ்சோறு. முருங்கைக்கீரை, முருங்கைக்காய், கத்தரி, வாழைக்காய், சீனியவரைக்காய் எல்லாம் கடைக்குப் போகாமல் புறவாசலிலேயே கிடைக்க வேண்டும். எனக்கு ஒரு பிச்சிக்கொடி போதும். திட்டம் இவ்வளவுதான், வரைபடம் ஒன்றும் போடவில்லை.

ஜூன் 19

காற்று பிடித்துவிட்டது. குற்றாலத்தில் சாரல், சீசன் என்று ஊரே கிளம்புகிறது. மலையடிவாரத்தில் மழையை விட்டுவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காய்ந்த காற்று மட்டும் நமக்கு வருகிறது. இனி ஆவணி வரைக்கும் இதே பாடுதான். இலையில் இருக்கிற ஈரத்தையும் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் இந்தக் காற்றுதான் உறிஞ்சுகிறது. வெயிலைவிட இதுதான் மோசம்.

நாற்றுப் பண்ணையில் குரோட்டன்ஸும் புல்தரையும் வைக்கச் சொன்னார்கள். புல்தரைக்கு ஊற்ற இங்கே தண்ணீர் ஏது? தோட்டம் செழிப்பாக இல்லையென்றால் 'இன்னும் தண்ணி விடுங்க' என்பதுதான் எல்லோரும் சொல்கிற வைத்தியம். உப்புத் தண்ணீரை விட விட மண்ணில் உப்புதான் ஏறும். எங்கள் ஊருக்கு முதலில் காற்றைத் தடுக்க வேண்டும், அப்புறம் மண்ணை மூட வேண்டும், செடி அதற்கு அப்புறம்தான்.

மேற்கே பனையோலைத் தட்டி கட்டினோம். சுவர் எழுப்பிவிடலாம் என்றார் இவர். அத்தை விடவில்லை. "சுவரு வச்சா காத்து ஏறிக் குதிச்சு இந்தப் பக்கம் சுழட்டி அடிக்கும். தட்டின்னா சல்லடை மாதிரி, காத்து மெதுவா உள்ள வரும்" என்றார். கல்லிடைக்குறிச்சியில் கன்னடியன் கால்வாய்க் கரையில் வாழையும் வெற்றிலையும் பார்த்து வளர்ந்தவர். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூலை 5

மண் வேலை. இந்த ஒரு மாதமும் ஒரு செடிகூட நடவில்லை. பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, இருந்தாலும் இதில் அவசரப்படக் கூடாது.

சரளைத் தோண்டி எடுத்து நடைபாதையில் பரப்பினோம். மரம் வருகிற இடங்களில் இடுப்பளவு குழி. அதன் அடியில் தேங்காய் மட்டை. மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்க வேண்டும், ஊற்றுகிற தண்ணீர் அதில் தங்கி நார் ஊறிக் கிடக்கும். மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போடும்போது மட்டும் கவிழ்த்து வைக்க வேண்டும். மட்டைக்கு மேலே குளத்து வண்டல், ஆட்டு எரு, கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு. பாத்திகளுக்கும் இதே கலவைதான். கடைசியில் வேப்பிலைச் சருகும் காய்ந்த வாழை இலையும் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு மூடினோம்.

அங்கணத்துத் தண்ணீரை இரண்டாகப் பிரித்தாயிற்று. அரிசி, காய்கறி கழுவுகிற தண்ணீர் வாழைக்குழிக்கு. சோப்புத் தண்ணீர் தனியே வெளியே.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சீனியவரை, வெண்டை, பீர்க்கு விதைத்தோம். கத்தரி நாற்று வாங்கி நட்டோம். பீர்க்கு ஏறுவதற்கு இரும்புக் குழாயில் பந்தல். அதே குழாயில் ஊஞ்சலும் தொங்குகிறது. புங்கங்கன்று நிழல் தர வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் இவருடைய நாற்காலிக்குப் பீர்க்கம்பந்தல்தான்.

முருங்கையில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு வழக்கு. போத்து, அதாவது வெட்டிய கிளையை ஊன்றினால்தான் முருங்கை என்பது அத்தை கட்சி. பி.கே.எம்.1 என்கிற செடிமுருங்கை ரகத்து விதை போட்டால் ஆறு மாதத்தில் காய் என்பது என் கட்சி. ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டோம்.

செப்டம்பர் 14

நல்ல வெயில். மத்தியானம் நடைபாதைச் சரளில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. இரண்டு எட்டு தள்ளிக் கத்தரிப் பாத்தியில் சருகை விலக்கிக் கை விட்டுப் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது. கீழ்ச்சருகு பாதி மக்கி, நூல்நூலாக வெள்ளைப் பூஞ்சை ஓடியிருந்தது. அதற்குக் கீழே மண்புழு. வைகாசியில் எறும்புகூட ஊராத இடம் இது. சின்னவளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அரை மணி நேரம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் சாயங்காலம்.

அக்டோபர் 24

மழை! ஐப்பசி மழைக்கு ஈடாக எந்தத் தண்ணீரும் இல்லை. பாத்தி ஓரத்தில் பூத்திருந்த உப்பு வெள்ளை கரைந்து போய்விட்டது. மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துத் தோட்டத்துக்கே இறக்கியிருக்கிறோம். 2003-ல் மழைநீர்க் கட்டமைப்பு கட்டாயம் என்றபோது கட்டிய தொட்டி இப்போதுதான் உருப்படியாகப் பயன்படுகிறது.

ஆனால் தண்ணீர் வெளியேறவும் வழி வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதையும், தாமிரபரணி கரை புரண்டதையும் யாரும் மறக்க முடியாது. கிழக்கே சரித்து ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறோம்.

தட்டிக்குப் பின்னால் கிளுவைப் போத்து ஊன்றினோம். ஓலை மக்குவதற்குள் வேலி தழைத்துவிடும். வேலியோரம் கேந்தி நாற்றும் பந்தல்கால் பக்கம் பிச்சியும் வைத்தாயிற்று. பெரியவள் பூசணி விதையை அவள் கையாலேயே ஊன்றினாள்.

டிசம்பர் 17

மார்கழி 2. விடியுமுன் டார்ச்சோடு பெரியவள் பூசணிக்கொடியில். எந்தப் பூவைப் பறிப்பது என்று நேற்றே சொல்லிக் கொடுத்திருந்தேன். நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ, கோலத்துக்கு அது. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் பெண் பூ, அதைத் தொடக் கூடாது. முதலில் ஆண் பூதான் நிறைய வரும், பறிப்பதால் நஷ்டமில்லை. தேனீக்காக நாலைந்தை மட்டும் கொடியில் விட்டுவிட வேண்டும்.

ஒரு பெண் பூ விரிந்திருந்தது. ஆண் பூ ஒன்றின் இதழைக் கிள்ளிவிட்டு நடுத்தண்டை அதற்குள் தடவச் சொன்னேன். விரலெல்லாம் மஞ்சள் தூள். "இப்ப காய் நிக்குமாம்மா?" என்றாள். நிற்கும் என்றேன்.

வாசலில் சாணி உருண்டை பிடித்து, பூவைச் செருகி, கோலத்தில் அத்தையும் அவளுமாக வைத்தார்கள். வாடின பூவைச் சாணியோடு வறட்டியாகத் தட்டிச் சேர்த்துவைக்கிறாள். தையில் பிள்ளைகள் மண்ணில் சின்ன வீடு கட்டிப் பொங்குகிற சிறுவீட்டுப் பொங்கல் வைத்து ஆற்றில் விடுவதற்கு.

ஜனவரி 20

சிறுவீடு பந்தலுக்குக் கீழேதான் கட்டினோம். அதே தோட்டத்து வண்டல். தெருப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மத்தியானம் கூட்டாஞ்சோறு. விதை முருங்கை இப்போதுதான் பூவெடுக்கிறது. வாழை குலை தள்ள இன்னும் நாளாகும். அதனால் முருங்கைக்காயும் வாழைக்காயும் கடையில்தான் வாங்கினோம். மற்றதெல்லாம் நம் பாத்தியிலிருந்து. கீரை மட்டும் போத்து முருங்கையில் பறித்தது, அத்தைக்கு அதில் தனி சந்தோஷம். சாயங்காலம் வறட்டிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்வந்தோம்.

பீர்க்கு முற்றிவிட்டது. விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்துவைத்தேன். அடுத்து ஒரு எலுமிச்சை வைக்க வேண்டும், கன்றுக்குப் புளியங்குடிக்கே போய்வரலாம் என்றிருக்கிறோம். ஊஞ்சல் பக்கம் வைக்கலாம் என்கிறார் இவர். "முள்ளு கிழிச்சிரும்லா பிள்ளைகள, வாய்க்கா மேட்டுல வையுங்க, தண்ணியும் நிக்காது" என்கிறார் அத்தை. மேட்டில்தான் குழி தோண்டப் போகிறோம்.