இறுதியியல் தாளில் நான் தோற்றதும் தேறியதும்

மரணம், உயிர்த்தெழுதல், உலகத்தின் முடிவு பற்றிய கிறிஸ்தவ இறையியல் பாடமான இறுதியியல் தாளின் முடிவு கடந்த வாரம் வந்தது, 67 மதிப்பெண். சென்ற ஆண்டு இதே தாளில் 31 பெற்றுத் தோற்றவன் என்பதால், அடுத்து எழுதவிருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். குறுவினாக்களை விட்டுவிடுகிறேன். "விசுவாசிகளின் நித்திய வீடு" என்ற கட்டுரை வினாவில்தான் எனக்கு மதிப்பெண் போனது.

அந்தத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்புதான் என் தந்தை இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். தெருவில் ஒட்டிய சுவரொட்டியில் "பரம வீடு சேர்ந்தார்" என்று அச்சிட்டிருந்தோம். தேர்வறையில் அந்த வரியையே எட்டுப் பக்கங்களுக்கு விரித்தேன்: விசுவாசி மரித்தவுடன் ஆத்துமா பரலோகம் செல்கிறது, அங்கேயே என்றென்றும் வாழ்கிறது. விடைத்தாளின் ஓரத்தில், சிவப்பு மையில், ஒரே ஒரு கேள்வி இருந்தது: "அப்படியானால் உயிர்த்தெழுதல் எதற்கு?" அதைத் திருத்தியவர்மேல் பல நாள் கோபமாக இருந்தேன். ஆனால் கேள்வி சரியானதே.

நான் ஒன்றாகக் கலந்தவை இரண்டு நிலைகள். மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்டது ஒன்று. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனுக்குக் கிடைத்த வாக்கும் (லூக்கா 23:43), கிறிஸ்துவுடன் இருக்கப் பவுல் கொண்ட ஆசையும் (பிலிப்பியர் 1:23) அதற்குரியவை. மற்றது, சரீரம் உயிர்த்தெழுந்த பின் வரும் புதிய வானமும் புதிய பூமியும். 1 கொரிந்தியர் 15, 2 பேதுரு 3:13, வெளிப்படுத்தின விசேஷம் 21 ஆகியவை அங்கே சேரும். கடைசிப் பகுதியில் மனிதர் மேலே ஏறிப்போவதாக எழுதப்படவில்லை. புதிய எருசலேம் என்னும் நகரம்தான் வானத்திலிருந்து இறங்கி வருகிறது.

இம்முறை தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்து, தினமும் ஒரு தாளில் நீண்ட கோடு ஒன்றை இழுத்து, அதில் மரணம், உயிர்த்தெழுதல் என்று இரண்டு புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு வசனத்தையும் அதற்குரிய இடத்தில் எழுதினேன். வேறெந்த முறையும் இந்த அளவுக்கு உதவவில்லை. ஒரு வசனம் கோட்டில் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாதவரை அதை விடையில் பயன்படுத்தாதீர்கள்.

யோவான் 14:2-இல் வரும் "வாசஸ்தலங்கள்" என்ற சொல்லில் நான் மூன்று நாள் நின்றேன். அதன் கிரேக்க மூலமான "மொனே" புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று அதே அதிகாரத்தின் 23-ஆம் வசனம். அங்கே பிதாவும் குமாரனும் விசுவாசியிடத்தில் வந்து வாசம்பண்ணுவதாகச் சொல்லப்படுகிறது. நித்திய வீட்டைக் கட்டடமாக மட்டும் எண்ணியிருந்த எனக்கு இது பெரிய திறப்பு. புதிய எருசலேம் நகரத்தின் அளவும் அப்படியே: நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், 12,000 ஸ்தாதி (பழைய நீள அளவு). சாலொமோனின் ஆலயத்தில் கடவுளின் சந்நிதியாகிய உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலமும் அதேபோல் மூன்று பக்கமும் 20 முழம் (1 இராஜாக்கள் 6:20). நகரம் முழுவதுமே மகா பரிசுத்த ஸ்தலமாகிவிடுவதால்தான் அங்கே தனியாக ஆலயம் இல்லை (வெளிப்படுத்தின விசேஷம் 21:22) என்று எழுதினேன். இந்தப் பத்திக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இன்னும் சில:

- கத்தோலிக்கப் போதனையில் உத்தரிக்கிற ஸ்தலத்தோடு (மரித்தோரின் ஆத்துமாக்கள் பரலோகம் சேருமுன் சுத்திகரிக்கப்படும் நிலை) நிறுத்திவிடாதீர்கள். சுத்திகரிப்புத் தேவைப்படாத ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே கடவுளை நேருக்கு நேர் காண்கின்றன என்று போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல் அறிவித்ததையும் குறிப்பிடுங்கள்.
- மரித்தோர் உயிர்த்தெழும்வரை உணர்வின்றி உறங்குகிறார்கள் என்னும் அட்வென்டிஸ்டு சபைப் பிரிவினரின் கருத்தை நான்கு வரிகளில், மரியாதையோடு எழுதுங்கள்.
- குழுவாகப் படிக்க வேண்டாம். இந்தத் தாள் தனிமையில்தான் பிடிபடும்.
- மறுதேர்வு எழுதுபவர்கள் பழைய விடைத்தாளைக் கட்டாயம் கேட்டுப் பெற்று, கோபம் தணிந்த பிறகு ஓரக்குறிப்புகளைப் படியுங்கள்.