ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விற்பனை?

பல கிளைகள் கொண்ட சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் செயல்பாட்டுப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், தலைமை அலுவலகம் மிகுந்த அக்கறையோடு படித்த அறிக்கை கிளைகளின் உற்பத்தித்திறன் பட்டியல்தான். ஒரு கிளையின் மொத்த விற்பனைத் தொகையைப் பணியாளர்கள் உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுத்து, கிடைக்கும் எண்ணைக்கொண்டு கிளைகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவார்கள். கணக்கு எளியது. ஆனால் அந்த வரிசை பணியாளர்களின் திறமையைவிடக் கிளையின் அளவையும், அமைவிடத்தையும், அங்கு விற்கும் பொருள்களின் விலையையுமே பெரிதும் காட்டுகிறது என்பதை அந்தப் பணி எனக்குத் தெளிவாகக் கற்பித்தது.

விலையை எடுத்துக்கொள்வோம். விற்ற எண்ணிக்கை மாறாமல் விலை மட்டும் 8 விழுக்காடு உயர்ந்தால், யாரும் ஒரு பெட்டியைக்கூடக் கூடுதலாகத் தூக்காமலே உற்பத்தித்திறனும் 8 விழுக்காடு உயர்ந்ததாகப் பட்டியல் சொல்லும். மின்னணுச் சாதனங்கள் மிகுதியாக விற்கும் கிளையோடு காய்கறி மிகுதியாக விற்கும் கிளையை ஒப்பிட்டாலும் இதே சிக்கல்தான். காய்கறியைத் தரம் பிரித்து, எடைபோட்டு, வாடியதை அகற்றி, நாள் முழுவதும் அடுக்கிக்கொண்டே இருப்பவரின் உழைப்பு விற்பனைத் தொகையில் சிறிய எண்ணாகவே பதிவாகிறது.

தொகைக்குப் பதிலாகப் பொருள்களின் எண்ணிக்கையை வைத்தாலும் கிளையின் அளவு குறுக்கே நிற்கும். கடையைத் திறப்பது, மூடுவது, துப்புரவு, பணத்தை எண்ணி ஒப்படைப்பது முதலிய வேலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மணிநேர உழைப்பு தேவை என்றும், விற்கும் ஒவ்வொரு 100 பொருளுக்கும் 2 மணிநேரம் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000 பொருள் விற்கும் சிறிய கிளைக்கு 60 மணிநேரமும், 9,000 விற்கும் பெரிய கிளைக்கு 200 மணிநேரமும் ஆகும். மணிக்கு முன்னது 33.3 பொருள், பின்னது 45. இரு கிளையினரும் சற்றும் வேறுபாடின்றி ஒரே வேகத்தில் உழைத்திருக்க, பெரிய கிளை 35 விழுக்காடு மேலானது என்று பட்டியல் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. சிறிய கிளைகளின் மேலாளர்கள் இந்தத் தீர்ப்பைக் கூட்டந்தோறும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டது நியாயமற்றது என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

ஆகவே, ஒரு கிளையின் வேலைக்கு நியாயமாக எத்தனை மணிநேரம் ஆகும் என்பதை முதலில் கணித்து, அதனோடு உண்மையில் செலவான நேரத்தை ஒப்பிடும் முறையை வலியுறுத்தினேன். இதற்கு வந்திறங்கும் பெட்டிகள், பில்களின் எண்ணிக்கை, எடைபோட வேண்டிய பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த தரவு உறைப் பகுப்பாய்வு (Data Envelopment Analysis) என்ற கணித முறை இதே நோக்கில் இன்னும் நுட்பமானது. அது ஒவ்வொரு கிளையையும் அதனை ஒத்த உள்ளீடுகளும் (உழைப்பு, இடம் போன்றவை) வெளியீடுகளும் (விற்பனை போன்றவை) கொண்ட சிறந்த கிளைகளோடு மட்டும் ஒப்பிடுகிறது. எனினும் ஒத்த கிளையே இல்லாத ஒன்று, ஒப்பிட ஆளில்லாத காரணத்தாலேயே முழுத் திறன் பெற்றதாகத் தோன்றும் அபாயம் அதில் உண்டு.

இயந்திரம் பதிவு செய்வதையே நாம் அளக்கிறோம் என்பது மற்றொரு கவலை. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இன்றைய பார்கோடு முதன்முதலாக ஒரு பேரங்காடியின் பில்லிங் கவுண்டரில் படிக்கப்பட்டது. அன்று தொடங்கிய மாற்றத்தால் கவுண்டரில் நடக்கும் ஒவ்வொரு நொடியும் கணக்குக்குள் வந்துவிட்டது. கிடங்கிலும் ரேக்குகளுக்கு இடையிலும் நடக்கும் வேலைக்கு அத்தகைய பதிவு எங்களிடம் இருக்கவில்லை. நிமிடத்துக்கு எத்தனை பொருள் என்ற தரவரிசை கவுண்டரில் ஒட்டப்பட்டபோது, பணியாளர்கள் இரு வாடிக்கையாளர்களுக்கு இடையே கணினியைப் பூட்டி வைக்கத் தொடங்கினார்கள். பூட்டியிருந்த நேரம் கணக்கில் சேராததால் வேகம் கூடியதாகத் தெரிந்தது, வரிசையில் நின்றவர்களின் காத்திருப்பு குறையவில்லை. மாலைநேர ஆட்களைக் குறைத்த கிளைகளிலும் எண் உடனே உயர்ந்தது. கிடங்கில் சரக்கு இருந்தபோதிலும், எடுத்து அடுக்க ஆளில்லாமல் ரேக் காலியாக இருந்ததால் வெறுங்கையோடு திரும்பியவரைப் பற்றிய பதிவு எந்தப் பில்லிலும் இல்லை.

கணக்கிடும் முறை மாறிய பிறகு, கூட்டங்களில் கேட்கப்பட்ட கேள்விகளும் மாறின. “அந்தக் கிளையால் முடிவது உங்களால் ஏன் முடியவில்லை?” என்பது போய், “சரக்கு இறக்க மட்டும் உங்களுக்கு ஏன் கூடுதல் நேரம் ஆகிறது?” என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்ட ஒரு மேலாளர், லாரி மாலைக் கூட்ட நேரத்தில் வருவதாகவும், இறக்குபவர்களைப் பாதியில் கவுண்டருக்கு அழைக்க வேண்டியிருப்பதாகவும் விளக்கினார். விநியோக மையம் லாரியை அதிகாலைக்கு மாற்றியது. அதே ஆட்களோடு அந்தக் கிளையின் எண் உயர்ந்தது. அந்த உயர்வைக் கிளையின் கணக்கில் எழுதுவதா, லாரியின் நேரத்தை மாற்றியவர்களின் கணக்கில் எழுதுவதா என்பதற்கு எங்கள் அறிக்கையில் இடமே இருக்கவில்லை.