ஒரே கல், மூன்று மாவட்டம்

ஊத்தங்கரைப் பக்கத்து நடுகற்களை விக்கித்தரவு என்ற, யாரும் திருத்தக்கூடிய இணையத் தரவுத்தளத்தில் ஏற்ற உட்கார்ந்தபோது ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன். மூன்று மாதம் ஆனது. கற்கள் மொத்தம் 42தான். கல் சிரமம் தரவில்லை, ஊர்தான் படுத்தி எடுத்தது.

1965 அக்டோபர் 2 வரை இந்த ஊர்கள் சேலம் மாவட்டம். அப்புறம் தருமபுரி. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் ஊத்தங்கரை அதோடு போய்விட்டது. அதனால் பழைய அறிக்கையில் சேலம் என்று இருக்கும் கல், 1970களின் கல்வெட்டுத் தொகுதியில் தருமபுரி, இன்றைய செய்தித்தாளில் கிருஷ்ணகிரி. என் எக்செல் தாளில் ஒரே கல் மூன்று வரிகளில் மூன்று கற்களாக உட்கார்ந்திருந்தது.

திறந்த இணைப்புத் தரவு, அதாவது யாரும் எடுத்தாளும்படி ஒன்றோடொன்று இணைத்து வைத்த தரவு, உதவுவது இங்கேதான். விக்கித்தரவில் ஒவ்வொரு ஊருக்கும் 'கியூ' என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. பெயர் மாறினாலும் மாவட்டம் மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த மாவட்டத்தில் எந்தத் தேதி முதல் எதுவரை இருந்தது என்பதையும் அதன் கீழேயே எழுதலாம். பண்டைய கிரேக்க, ரோமானிய உலகின் இடங்களுக்கு 'பிளையடிஸ்' என்ற இடப்பட்டியல் இப்படித்தான் எண் கொடுக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தைப் பற்றிய நூல், நாணயம், வரைபடம் எல்லாவற்றுக்கும் போய்வர முடிகிறது. எங்கள் ஊர்க் கல்லுக்கும் அந்த வசதி வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஊர்ப்பெயர்களை எண்களோடு பொருத்த ஓப்பன்ரிஃபைன் என்ற, தரவைச் சீர்செய்யும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். முதல் தடவை அது காட்டிய பொருத்தங்களை அப்படியே ஏற்றுக்கொண்டது என் தவறு. ஏற்றிய பிறகு வரைபடத்தைத் திறந்தால், ஐந்து கற்கள் வேறொரு மாவட்டத்தில், அதே பெயருள்ள ஊரில் நிற்கின்றன! ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இப்போதெல்லாம் அட்சரேகை, தீர்க்கரேகை பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

காலம் இன்னொரு சிக்கல். பல்லவர் காலக் கற்களில் 'கோவிசைய' என்ற அரச அடைமொழியோடு தொடங்கி அரசன் பெயரும் ஆட்சியாண்டும்தான் இருக்கும். அதைக் கி.பி. ஆண்டாக மாற்றும்போது ஆளுக்கொரு கணக்கு வரும். நான் நூற்றாண்டை மட்டும் குறித்துவிட்டு, கல்லில் உள்ள வாசகத்தை உள்ளபடியே தனியாகச் சேர்த்தேன். நாளைக்குக் கணக்கு மாறினாலும் வாசகம் நிற்கும்.

சந்தேகமான கற்களை நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு கல்லில் எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்தே தெரியவில்லை. வில்லை இழுத்துப் பிடித்த கை மட்டும் புடைத்து நின்றது. விளக்குப் போட வந்த பாட்டி, "எங்க வேடியப்பனப் படம் புடிச்சு என்ன பண்ணப் போற கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப சாமி பேரையும் போடு" என்றார். ஆய்வாளருக்கு அது தொறு (மாட்டு மந்தை) மீட்டு உயிர்விட்ட வீரனின் கல், ஊருக்கு வேடியப்பன். அங்கேயே நின்று வேடியப்பன் என்பதை மாற்றுப்பெயராகச் சேர்த்தேன்.

போனில் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தவர், "கல்லு இருக்குது, ஏரி எங்க? சாமி ஏரியப் பாத்துல்ல நிக்குது" என்றார். தேடினேன், அந்த ஏரிக்கு எண் இல்லை. அன்று ராத்திரியே அதற்கு ஒரு பக்கம் தொடங்கினேன்.