அவசரத்துக்குச் சில்லறை தேடணுமா?

வேலையாக வெளியே கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமலே வீடு திரும்பும் பெண்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் போக வேண்டி வரும், போகப் பொதுக் கழிப்பறை கிடையாது, இருந்தாலும் காசு கேட்பார்கள், அவ்வளவுதான். இப்படி அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் போனால், முதல் அறிவுரையே "நிறையத் தண்ணீர் குடிங்க" என்பதுதான். சரி டாக்டர், குடித்துவிட்டு எங்கே போவது?

சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பிராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள் இவர்களுக்கெல்லாம் அடக்குவது என்ற பேச்சே கிடையாது. நாள் முழுக்கத் தெருவிலேயே பிழைப்பு நடத்துபவர்களின் பாடு இன்னும் மோசம். எப்போதாவது ஒருமுறை போகிற எனக்குக் கழிப்பறைக் கட்டணம் என்பது பையில் கிடக்கும் சில்லறை. வண்டி ஓட்டுபவருக்கும் பார்சல் கொண்டு போகிறவருக்கும் நடைபாதையில் கடை போட்டிருப்பவருக்கும் அது தினமும் பல தடவை கூலியிலிருந்து கழியும் காசு. பொதுக் கழிப்பறை இலவசமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதில் ஆண்-பெண் கணக்கு வேறு. கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினராக இருந்த மார்ச் ஃபாங் யூ, 1969இல் சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில் நின்று ஒரு கழிப்பறைக் கோப்பையைச் சம்மட்டியால் உடைத்துக் காட்டினார். ஆண்கள் நின்றபடி போகும் இடம் இலவசம், பெண்களுக்கோ கதவைத் திறக்கவே காசு, இது என்ன நியாயம் என்பதுதான் அவர் கேள்வி. அடுத்த வருடமே கட்டணக் கழிப்பறையை ஒழிக்க அமெரிக்காவில் ஓர் இயக்கம் கிளம்பியது, ஆரம்பித்தவர்கள் பள்ளி மாணவர்கள். 1973இல் சிகாகோ தடை போட்டது, பிறகு பல மாநிலங்களும் போட்டன. ஆனால் காசு போட்டால் திறக்கும் பூட்டைக் கழற்றிய நகரங்கள், அந்தக் காசில் நடந்துகொண்டிருந்த பராமரிப்புக்கு வேறு பணம் ஒதுக்கவில்லை. நாளடைவில் கழிப்பறைகளே காணாமல் போயின. கட்டணத்தை ஆதரிப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கென்னவோ இதிலிருந்து தெரிவது வேறு: வாசலில் வாங்காத காசை பட்ஜெட்டில் வைத்தாக வேண்டும். தெருவிளக்குக்கு யாரும் கம்பத்தடியில் நின்று காசு வசூலிப்பதில்லையே.

"காசு வாங்கினால்தான் சுத்தமாக இருக்கும்" என்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. காசு கொடுத்து உள்ளே போனால் தாழ்ப்பாள் உடைந்திருக்கும், ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டு, பையை மாட்டக் கொக்கி இல்லாததால் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஈரத் தரையில் துணி படாமல் உட்கார்ந்து எழுந்து வருவது ஒரு தனி வித்தை. குழாயைத் திருகினால் காற்று வரும். நாப்கின் போடக் கூடை இருக்காது. கட்டணம் எங்கே போகிறது என்று சுத்தம் செய்யும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்குக் கையுறைகூட வந்திருக்காது.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. பாரிஸில் தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகளை 2006 முதல் இலவசமாக்கினார்கள், நகரம் அதனால் ஒன்றும் திவாலாகிவிடவில்லை. ஜெர்மனியின் பல ஊர்களில் கடைகளும் உணவகங்களும் வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எதுவும் வாங்காமலே யாரும் உள்ளே போய் வரலாம், பராமரிப்புக்கு நகராட்சி அந்தக் கடைக்குப் பணம் கொடுத்துவிடும். புதிதாகக் கட்ட இடமில்லை என்று கைவிரிக்கும் நகரங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறதா?

எண்ணிக்கையும் முக்கியம். பெண்களுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், அதனால் சம எண்ணிக்கை என்பது சமமே அல்ல. நியூயார்க் 2005இல் புதிதாகக் கட்டும் திரையரங்கு, மதுக்கூடம் போன்ற இடங்களில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்று சட்டமே போட்டது.

கழிப்பறையோடு ஒரு குடிநீர்க் குழாய், உட்கார நிழலில் ஒரு பெஞ்ச், வெளியே ஒரு விளக்கு, இவ்வளவையும் சேர்த்தே கேட்க வேண்டும். கட்டித் திறப்பு விழா நடத்த யாருக்கும் தயக்கமில்லை, கல்வெட்டில் பெயர் வரும். அப்புறம் இருட்டியதும் பூட்டிவிடுகிறார்கள். ராத்திரி ஷிப்டு பார்ப்பவர்கள் எங்கே போவார்கள் என்று அந்தப் பூட்டை வாங்கியவர் யோசித்திருப்பாரா?